சர்க் கோட்டை வாசலில் அப்பா கேட்டது

அப்பா ஊருக்குத் திரும்பி ஏழு மாதம் ஆகிறது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் என்னோடு இருந்த ஆறு வாரத்தில் அவர் கேட்காத கேள்வி இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் ஏன் அணையவில்லை என்பதில் தொடங்கி, ஆள் நடமாட்டமே இல்லாத தெருவில் இத்தனை பெஞ்சு யாருக்காகப் போட்டிருக்கிறார்கள் என்பதுவரை கேட்டார். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. சர்க் கோட்டையின் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் கேட்டது அது. பிறகு அந்தக் கதவைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தனியாக இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். பதில் ஓரளவு கிடைத்தது. கேள்விதான் என்னை விட்டபாடில்லை.

அப்பா கொல்லர். கடலூருக்கு மேற்கே கெடிலக் கரையோரம் எங்கள் ஊர். தாத்தா காலத்தில் பட்டறைக்குக் கூலி என்று காசு கிடையாது. வருஷம் முழுக்கக் கொழு அடித்து, களைக்கொத்து தட்டி, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டிக் கொடுத்தால், அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் நெல் அளப்பார்கள். அந்த நெல்லுக்குச் சுதந்திரம் என்று பெயர். அப்பா காலத்தில் டிராக்டர் வந்தது, டயர் வண்டி வந்தது, நெல் நின்று காசு வந்தது. வந்தது என்றால் தானாக வரவில்லை, நாலு நடை நடந்து கேட்டு வாங்க வேண்டிய காசு. பத்தாவது படிக்கிறவரை பள்ளிக்கூடம் விட்டதும் உலைக்குக் காற்று கொடுப்பது என் வேலை. இரும்பு எந்தச் சிவப்புக்கு வந்ததும் அப்பா குறடை நீட்டுவார், எந்த வெளுப்புக்கு வந்தால் பொறி பறக்கும், அந்தப் பொறி பறக்கிற நொடியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குக் கண்ணால் தெரியும். கையால் தெரியாது. சம்மட்டியைத் தொட அவர் என்னை விட்டதே இல்லை. "நீ படிம்மா" என்பார், அவ்வளவுதான்.

அதனால்தான் அவரைக் கோட்டை கொத்தளம், கால்பந்து மைதானம் என்று அலைக்கழிக்காமல் கதவு பார்க்கக் கூட்டிப் போனேன். ரெக்ஸம் நகரைச் சுற்றியுள்ள இந்த வடகிழக்கு வேல்ஸில் பார்க்கத் தகுந்த இரும்புக் கதவுகள் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே பல இருக்கின்றன. காரணம் ஒரே ஒரு பட்டறை. பெர்ஷம் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் க்ரோய்ஸ் வோய்ல் என்ற இடத்தில் ஹ்யூ டேவிஸ் என்ற கொல்லர் உலை வைத்திருந்தார். 1702-இல் அவர் இறந்தபிறகு மகன்கள் ராபர்ட்டும் ஜானும் அதை நடத்தினார்கள். சர்க் கோட்டைக் கதவு, லீஸ்வுட் மாளிகையின் வெள்ளைக் கதவு, எர்திக் தோட்டத்தில் இன்று நிற்கும் கதவு, ரெக்ஸம் தேவாலய வாசல் எல்லாம் அந்தப் பட்டறையின் பெயரில்தான் சொல்லப்படுகின்றன.

யாருடைய பணம்

முதலில் தேவாலயம். புனித ஜைல்ஸ் ஆலயத்தின் கோபுரம் 135 அடி. அதன் நிழலுக்குள் போகிற வாசலில் 1720 வாக்கில் டேவிஸ் பட்டறை செய்த கதவு இருக்கிறது. நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எத்தனையோ முறை அதன் வழியாகக் குறுக்கே நடந்திருக்கிறேன். அப்பாவை அங்கே கூட்டிப் போனதற்குக் கதவு பாதிக் காரணம். மீதிக் காரணம், கோபுரத்துக்கு மேற்கே இருக்கும் எலிஹு யேலின் கல்லறை. 1721-இல் லண்டனில் இறந்து இங்கே புதைக்கப்பட்டவர். அமெரிக்காவில் பிறந்தான், ஐரோப்பாவில் வளர்ந்தான், ஆப்பிரிக்காவில் சுற்றினான், ஆசியாவில் மணந்தான் என்று கல்லில் செய்யுளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆசியா என்று அவர்கள் எழுதியிருப்பது நம்முடைய சென்னை. 1680-இல் புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி ஆலயத்தில் நடந்த முதல் திருமணம் அவருடையது.

அப்பாவுக்கு நான் ஊர்க் கணக்கில் சொன்னேன். 1687-இலிருந்து 1692 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர். நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியது இவர் காலத்தில், 1690-இல். கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்து, குண்டு போய் விழுகிற தூரம்வரை நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "குண்டு உப்பலவாடிங்கிறது அந்தக் குண்டா?" அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். அந்த ஊரிலிருந்து அவருக்கு மண்வெட்டி தட்ட வந்த ஆட்களை எனக்கே நினைவிருக்கிறது. கல்லறையைச் சுற்றி ஒரு நடை வந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான்தான் சொல்லிக்கொண்டே போனேன். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று கோட்டை நிர்வாகம் விதி வைத்திருந்த காலம் அது. அந்த மண்ணில் சேர்த்த செல்வத்தில் ஒன்பது பொதிச் சரக்கையும் 417 புத்தகங்களையும் அரசர் படம் ஒன்றையும் 1718-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்கு விலைபோனது. ஒரு கல்லூரிக்கு அவர் பெயரே வைத்துவிட்டார்கள், இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான். இதையெல்லாம் சொல்லும்போது என் குரல் ஏறிவிடும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எந்தப் பெரிய வீட்டுக்குப் போனாலும் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: இது யாருடைய பணம்? ஓவியத்தைப் பார்க்குமுன் பக்கத்திலிருக்கிற அட்டையைப் படிப்பேன். கம்பெனி என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுவேன். கண்டதும் நெஞ்சுக்குள் ஒரு கதவு அறைந்து சாத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் அழகாகத் தெரியாது.

எர்திக்கிலும் அதுதான் நடந்தது. அந்த மாளிகையைக் கட்டிய ஜோஷுவா எடிஸ்பரி, யேலிடம் கடன் வாங்கிக் கடைசியில் நொடித்துப்போனவர். யேல் கொடுத்ததாகச் சொல்லப்படும் அரக்குப் பூச்சுத் தடுப்புத்திரை ஒன்று அங்கே இருக்கிறது. சீனாவில் செய்தது. நம் கரைத் துறைமுகங்கள் வழியாக வந்ததால் அதற்குக் கோரமாண்டல் என்று பெயர். சோழமண்டலம் என்ற சொல் இத்தனை தூரம் வந்து ஒரு தடுப்புத்திரையின் பெயராக உட்கார்ந்திருக்கிறதே என்று நான் அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் திரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தோட்டத்தில் நீண்ட வாய்க்கால் ஒன்று உண்டு. அதன் கடைசியில் டேவிஸ் பட்டறைக் கதவு ஒன்று நிற்கிறது. ஸ்டான்ஸ்டி என்ற வேறொரு வீட்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. முன்னால் தண்ணீர், பின்னால் புல். அதன் வழியாகப் போவதற்கு யாருக்கும் தேவையில்லை. "வீடில்லாத வாசக்கதவு" என்றார் அப்பா. அன்று முழுக்க அவர் சொன்னது அதுதான்.

மூன்று எசமானர்கள், ஒரு கதவு

சர்க்கில் ரயிலை விட்டு இறங்கிக் கோட்டை வாசலுக்கு நடந்தோம். லேசாகத் தூறல். அப்பா என் கணவரின் பெரிய மழைக்கோட்டுக்குள் இருந்தார். சாலை முடிகிற இடத்தில் மரங்களுக்கு நடுவே அந்தக் கதவு எழும்பி நிற்பதைப் பார்த்ததும் அவர் நடை நின்றது. சொன்னால் நம்ப வேண்டும், நம்மூர்த் தேரின் மேல்தட்டை இரும்பில் செய்து காற்று புகும்படி விட்டால் எப்படியிருக்கும், அப்படி. இரண்டு பக்கத் தூண்களும் கல்லில்லை, இரும்புக் கூண்டுகள். அவற்றின் தலையில் ஈயத்தில் வார்த்த ஓநாய்கள் உட்கார்ந்திருக்கின்றன. கதவுக்கு மேலே வளைந்த கிரீடம் போன்ற பகுதி முழுக்க இலையும் கொடியும் சுருளும். நடுவில் மிடில்டன் குடும்பத்தின் சின்னம். அதில் ஓநாய்த் தலைகள், கூடவே ஒரு சிவப்புக் கை.

இந்தக் கதவைச் செய்தது 1712-க்கும் 1719-க்கும் இடையில். ஏழு வருஷம். வேலை தொடங்கும்போது சர்க்கின் எசமானர் சர் ரிச்சர்ட் மிடில்டன். அவர் 1716-இல் இறந்தார். மகன் வில்லியம் வந்தார், 1718-இல் இருபத்துநாலு வயதுகூட நிறையாமல் அவரும் போய்விட்டார். அவரோடு அந்தப் பரம்பரைப் பட்டமும் முடிந்தது. சொத்து ராபர்ட் என்ற பங்காளிக்குப் போனது. ஒரு கதவு முடிவதற்குள் மூன்று எசமானர்கள். உலைக்கு முன்னால் நின்றவர்கள் மட்டும் மாறவில்லை.

முதலில் இது நின்ற இடம் இதுவல்ல. கோட்டைக்கு நேர் முன்னால், வடக்கு முற்றத்தை மறித்து நின்றது. சுவர் எழுப்பினால் உள்ளே இருப்பது தெரியாது. இரும்புக் கம்பியில் கதவு போட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும், போகத்தான் முடியாது. அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கு அந்தக் காட்சி வேண்டியிருந்தது. ஆனால் ஐம்பது வருஷத்துக்குள் ரசனை மாறிவிட்டது. 1760-களில் வில்லியம் ஈம்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் வந்து, கோட்டையைச் சுற்றி வேலியும் முற்றமும் கண்ணில் படக்கூடாது, புல்வெளி இயற்கையாகச் சரிந்து போக வேண்டும் என்று எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினார். ஏழு வருஷம் அடித்த கதவு கழற்றப்பட்டு வேறொரு நுழைவாயிலுக்குப் போனது. 1888-இல் மறுபடி பெயர்த்து இன்றைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கோட்டையின் மடியில் இருந்தது எல்லைக்கு வந்துவிட்டது. இங்கே நின்று பார்த்தால் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தெரிவது கோட்டையில்லை, மரங்கள்தான்.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "அப்பா, இந்தக் கோட்டையை 1595-இல் வாங்கின தாமஸ் மிடில்டனும் கம்பெனிக்காரர்தான். 1600-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினப்போ பணம் போட்டவங்கள்ல ஒருத்தர். லண்டன் மேயராகூட இருந்தார்." கோட்டையை வாங்கியது கம்பெனி தொடங்குவதற்கு ஐந்து வருஷம் முன்னால் என்பது எனக்குத் தெரியும். சர்க்கரை வியாபாரத்திலும் கடல் கொள்ளைப் பயணங்களில் பங்கு போட்டும் சேர்த்த பணம் அது. அதைச் சொல்லாமல் விட்டேன். கோபம் வரும்போது வருஷங்களைக் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு, இதை எழுதும்போது ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்பா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மழைக்கோட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரத்தரையில் குந்தியிருந்தார். எல்லோரும் மேலே பார்க்கிற கதவில் அவர் கீழே பார்த்தார். கதவு சுழலுகிற குடுமி தரையில் இறங்குகிற குழியை விரலால் துடைத்து, தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு குறுக்குச் சட்டத்தினூடே நெட்டுக்கம்பி நுழைகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இங்க வா. கைய வை." வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. "கண்ண மூடிக்கிட்டு வை." பெயின்டின் அடியில், துளையின் இரண்டு பக்கமும் சட்டம் ஒரு நெல்மணி அளவுக்குப் புடைத்திருந்தது. "ட்ரில் போட்டிருந்தா இரும்பு துருவலா வெளிய போயிருக்கும். புடைக்காது. சூட்டுல உளி வச்சுப் பொளந்து, முளை அடிச்சு விரிச்சிருக்கான். இரும்பு எங்கியும் போகல, ஒதுங்கி நிக்குது. இத்தன துளையும் ஒரே கோட்டுல வந்திருக்கு பாரு." பிறகு எழுந்து சுருள்கள் கொடியோடு சேருகிற இடங்களை எண்ணுவது மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்குமே வெல்டிங் வடு இல்லை. வெண்சூட்டில் இரண்டு துண்டையும் எடுத்து, மணல் தூவி, பொறி பறக்கிற அந்த ஒரு நொடிக்குள் அடித்து ஒட்டுவதுதான் அப்போதிருந்த ஒரே வழி. ஒட்ட முடியாத இடத்தில் ஒரு சின்னப் பட்டையைச் சூட்டோடு வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறினால் இறுகிக்கொள்ளும், வண்டிச் சக்கரத்துப் பட்டை இறுகுகிற மாதிரியே.

அப்புறம்தான் அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். சின்னத்தில் இருக்கிற சிவப்புக் கையைக் காட்டினார்.

"அது செஞ்சவன் கையா?"

இல்லையப்பா, எசமானருடைய அடையாளம் என்றேன். பரோனெட் என்ற பட்டம் பெற்றவர்கள் எல்லோருக்கும் பொதுவான சின்னம் அந்தச் சிவப்புக் கை. ஆனால் இந்த ஊரில் அதற்கு வேறு கதை சொல்கிறார்கள். சொத்துக்குப் போட்டியிட்ட இருவருக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்களாம். யார் கை முதலில் எல்லையைத் தொடுகிறதோ அவருக்குச் சொத்து. முந்தியவன் கையை நீட்டியபோது மற்றவனின் ஆள் அந்தக் கையை வெட்டிவிட்டானாம். ஊருக்குள் ஒரு விடுதிக்குக்கூடக் கை என்றுதான் பெயர். இதையெல்லாம் சொன்னேன். அப்பா முழுக்கக் கேட்டார். தூறல் நின்றிருந்தது.

"அதுவும் எசமான் கைதானா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "செஞ்சவனுக்குக் கூலி குடுத்தாங்களா?"

எனக்கு நா எழவில்லை. ஏழெட்டு வருஷமாக இந்த நாட்டின் பெரிய வீடுகளைப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். பணம் யாரிடமிருந்து வந்தது என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டிருக்கிறேன். அது கேட்க வேண்டிய கேள்விதான், இன்றைக்கும் கேட்பேன். ஆனால் அந்தப் பணம் யாரிடம் போனது, போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வாசலிலும் கேட்டதில்லை. துருத்திக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்குத் தோன்றாத கேள்வி அது. கொல்லன் மகள் எசமானின் கணக்கையே புரட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன், கோபமாகத்தான் என்றாலும்.

மஞ்சக்குப்பம் பங்களா

அப்பா ஏன் அதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். நான் ஐந்தாவது படிக்கும்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு புது பங்களாவுக்கு வாசல்கதவு செய்யும் வேலை அவருக்கு வந்தது. கொழுவும் அரிவாளும் தட்டிக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய வேலை. மூன்று மாதம் பட்டறையில் வேறெதுவும் நடக்கவில்லை. நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் அன்னம், மேலே ஈட்டி முனைகள். அன்னத்தின் கழுத்து வளைவு சரியாக வரவில்லை என்று நாலு முறை அறுத்துப் போட்டார். முன்பணம் இரும்புக்கும் கரிக்கும் போய்விட்டது. மீதியைப் புதுமனை புகுவிழா முடிந்ததும் வாங்கிக்கொள் என்றார்கள். முடிந்ததும் போனார். அடுத்த மாதம் என்றார்கள். அடுத்த மாதம் வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். அப்பா அந்தக் கதவுக்கு வெளியே நின்று, தான் அடித்த தாமரைக்கு இடையே கைவிட்டுத் தாழ்ப்பாளைத் தட்டிக் காத்திருந்ததை நான் சைக்கிள் பின்சீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே விளக்கு எரிவது அந்தக் கம்பிகள் வழியே நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டார். நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு போவார். சில வருஷம் முன்பு அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். கதவை எடைக்குப் போட்டுவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். அப்பா அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிட்டார் என்று அம்மா போனில் சொன்னாள்.

ஆகவே நான் தேடினேன். சர்க் கோட்டையின் கணக்குப் புத்தகங்கள் பிழைத்திருக்கின்றன. கோட்டை ஆவணங்கள் வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கணக்குகளில் பெரும்பகுதி போன நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டது. டேவிஸ் சகோதரர்களுக்குக் கொடுத்த பணம் அந்தக் கணக்குகளில் ஏறியிருக்கிறது. அந்தக் கதவை அவர்கள்தான் செய்தார்கள் என்று உலகத்துக்குத் தெரிவதே அதனால்தான். அதாவது பெயர் நிலைத்தது கூலியால். கதவில் அவர்கள் பெயர் எங்கும் இல்லை. கணக்குப்பிள்ளை ஒருவர் இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதி வைத்த வரியில் இருக்கிறது.

கணக்கை யாரும் புரட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையே சாட்சி. அங்கே தேம்ஸ் கரையோரம் இருக்கிற பெரிய இரும்புத்தடுப்பு ழான் டிஜூ என்ற பிரெஞ்சுக்காரரின் வேலை. 1693-இல் தன் வடிவங்களைப் புத்தகமாகவே அச்சிட்டவர். இங்கிலாந்தின் பிரபுக்களுக்கு இந்த மாதிரி இரும்பு இலைக்கொடிகளின் மேல் ஆசை பிறந்ததே அவரால்தான் என்பார்கள். அப்படிப்பட்டவரின் வேலையை, ஹண்டிங்டன் ஷா என்ற இன்னொரு கொல்லருடையது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷாவுக்கு ஹாம்ப்டன் ஆலயத்தில் ஒரு நினைவுக்கல் இருந்தது என்பது ஒரு காரணம். யார் பெயர் கல்லில் இருக்கிறதோ அவர் பக்கம் வேலை சாய்ந்துவிட்டது. லீஸ்வுட் வெள்ளைக் கதவு கிட்டத்தட்ட நூறடி அகலம். ஈயச் சுரங்கத்தில் திடீர்ப் பணம் பார்த்த ஜார்ஜ் வின் அதைப் போட்டார். கடைசிக் காலத்தில் அவர் கடனாளி. எசமானர்களின் ஏற்றமும் இறக்கமும் நமக்கு விலாவாரியாகத் தெரிகிறது. ராபர்ட் டேவிஸ் 1748-இலும் ஜான் டேவிஸ் 1755-இலும் இறந்தார்கள் என்ற அளவோடு நம் கை நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு அவசரமாக இருந்தது. அந்தக் கதவில் இருக்கிற இரும்பு இன்று எங்கும் உருவாவதில்லை. நாம் பள்ளியில் தேனிரும்பு என்று படித்தது அதுதான். வார்ப்பிரும்பை மறுபடி காய்ச்சி, அதிலிருக்கிற கரியைப் போக்கி, தண்ணீர்ச் சக்கரம் ஓட்டுகிற சம்மட்டியில் அடித்து நீட்டுவார்கள். உள்ளே தங்கிப்போகிற கசடு நீளவாக்கில் இழை இழையாக ஓடும். உடைத்தால் தென்னமட்டை மாதிரி நார் பிரியும். சூட்டில் நன்றாக ஒட்டும், துரு பிடிப்பதும் நிதானமாகத்தான். 1850-களில் பெஸ்ஸமர் முறை வந்து மலிவு விலையில் எஃகு கிடைக்கத் தொடங்கியபின் இது கொஞ்சம் கொஞ்சமாக ஒழிந்தது. போல்ட்டன் நகரில் கடைசியாக இதைச் செய்துகொண்டிருந்த ஆலை 1973-இல் மூடியது. அதன் இயந்திரங்களைப் பிளிஸ்ட்ஸ் ஹில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1941-இல் போருக்கு இரும்பு வேண்டுமென்று நாடு முழுக்க வேலியையும் கதவையும் அறுத்து எடுத்தார்கள். வரலாற்றுச் சிறப்புள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. இன்று ஒரு பழைய கதவைப் பழுது பார்க்க வேண்டுமென்றால் பழைய நங்கூரச் சங்கிலி, பழைய பாலத்துச் சட்டம் என்று தேடிப் பிடித்து, மறுபடி காய்ச்சி உருட்டித்தான் கம்பி எடுக்க வேண்டும். பெரும்பாலும் அதுகூடச் செய்யாமல் சாதாரணக் கம்பியை வைத்து வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். அது எனக்கு ஆறவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தால் தெரியும்.

போன ஞாயிறு போன் செய்தேன். அங்கே சாயந்திரம். பட்டறை இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான். அறுப்புக்காலம் என்பதால் கதிர் அரிவாள் கொஞ்சம் வந்திருப்பதாகச் சொன்னார். நங்கூரச் சங்கிலியைப் பற்றிச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். "முதுநகர் துறைமுகத்துல ஒருவாட்டி பழைய சங்கிலி ஏலத்துக்கு வந்துச்சு. ரெண்டு கண்ணி வாங்கியாந்தேன். நீ சின்னப்புள்ள. அடிக்க அடிக்க நாரா வந்துச்சு, நான் கெட்ட இரும்புன்னு நெனச்சேன். உங்க தாத்தாதான் சொன்னாரு, இதுதாண்டா இரும்புன்னு." அதில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக் கிணற்றில் கப்பி மாட்டியிருக்கிற கொக்கி அதுதானாம். நாற்பது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிற கொக்கி.

பிறகு சொன்னேன். "அப்பா, அந்தக் கதவு. சர்க்குல பார்த்தோமே. கூலி குடுத்திருக்காங்க. கணக்குப் புத்தகத்துல எழுதியிருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"பேர் போட்டு எழுதியிருக்கா?"

"போட்டிருக்குப்பா."

"ம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ அந்தப் பக்கம் போனீன்னா, அங்க பாத்துக்கிறவங்க யார்னா இருந்தா சொல்லு. எடது பக்கக் குடுமிக் குழியில தண்ணி நிக்குது. மேல எவ்ளோ பெயின்ட் அடிச்சாலும் கீழ்லேர்ந்து துரு ஏறும். குழிய சுத்தமா தொடச்சுட்டு, தண்ணி வடியறதுக்கு ஒரு சின்ன வாய் வெட்டி விடச் சொல்லு. பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு உளி போதும்."